தனிமரம் தோப்பாகுமா?

உணவு மேசையைச் சுற்றி மூவர் அமர்ந்திருக்கின்றனர். இடப்பக்கத்தில் நரைத்த தலையுடன் தாத்தா செய்தித்தாள் வாசிக்கிறார். வலப்பக்கத்தில் மூக்குக்கண்ணாடி அணிந்த அப்பா தேநீர் அருந்துகிறார். நடுவில் பள்ளிச் சீருடை அணிந்த பேரன் திறன்பேசியில் மூழ்கியிருக்கிறான். “சாப்பிடும்போதாவது அதைக் கீழே வை” என்று தாத்தா கண்டிக்கிறார். அப்பா சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். பேரன் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

காணொளியைப் பார்ப்பவர்களுக்குச் சற்று நேரம் கழித்தே உண்மை புரிகிறது. மூவரின் முகமும் ஒன்றே! தாத்தா, அப்பா, பேரன் ஆகிய மூவராகவும் நடித்திருப்பவர் ஒரே மாணவர்.

‘தனிமரம் தோப்பாகாது’ என்பது பழமொழி. ஆனால், இந்தக் காணொளியில் ஒரு தனிமரம் தோப்பாகவே தோன்றுகிறது. இது எப்படி முடிகிறது? இந்த உத்தி எப்போது தொடங்கியது? அந்த அறையில் உண்மையிலேயே ஒருவர் மட்டும்தான் இருந்தாரா?

வெட்டி ஒட்டும் கலை

இந்த உத்தியின் அடிப்படையைப் புரிந்துகொள்ள இரண்டு புகைப்படங்களும் ஒரு கத்தரிக்கோலும் போதும். படக்கருவியை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, ஓர் அறையை இரண்டு முறை படம் எடுக்க வேண்டும். முதல் படத்தில் மாணவர் இடப்பக்க நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். வலப்பக்க நாற்காலி காலியாக உள்ளது. இரண்டாவது படத்தில் அதே மாணவர் வலப்பக்க நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்; இடப்பக்க நாற்காலி காலியாக உள்ளது.

இரண்டு படங்களையும் நடுவில் ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். பிறகு, முதல் படத்தின் இடப்பாதியையும் இரண்டாவது படத்தின் வலப்பாதியையும் சேர்த்து ஒட்ட வேண்டும். இப்போது ஒரே மாணவர் இரண்டு நாற்காலிகளிலும் அமர்ந்திருப்பார். சுவர், சன்னல், மேசை ஆகியவை இரு பாதிகளிலும் அப்படியே பொருந்துவதால் ஒட்டிய கோடு கண்ணில் படுவதில்லை. ‘பின்னணி ஒன்றாக இருக்கிறது, ஆகவே, இது ஒரே நேரத்தில் எடுத்த படம்தான்’ என்று மனம் நம்பிவிடுகிறது.

காணொளி என்பது நொடிக்கு 24, 25, 30 என்ற எண்ணிக்கையில் வேகமாக ஓடும் படங்களின் வரிசைதான். இந்த வெட்டி ஒட்டும் வேலையை அப்படங்கள் ஒவ்வொன்றிலும் செய்தால், இருவர் உரையாடும் காட்சி உருவாகிவிடும். இன்று இவ்வேலையைக் கணினி செய்கிறது. கணினி இல்லாத காலத்தில் மனிதக் கைகளே இதைச் செய்தன.

மந்திரக்காரரின் ஏழு உருவங்கள்

ஜார்ஜ் மெலியெஸ் என்பவர் பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில் மந்திரக்காட்சிகள் நடத்திவந்தார். திரைப்படக் கலை தோன்றிய தொடக்க காலத்திலேயே அவர் அதன்பால் ஈர்க்கப்பட்டார். மேடையில் செய்ய முடியாத மந்திரங்களைப் படச்சுருளில் செய்ய முடியும் என்று அவர் கண்டார். 1898ஆம் ஆண்டில் அவர் எடுத்த ஒரு குறும்படத்தில், அவர் தம் தலையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். உடனே அவருக்குப் புதிய தலை ஒன்று முளைக்கிறது. இப்படியே மூன்று தலைகள் மேசைக்கு வந்துவிடுகின்றன. அப்போது, அவர் கழுத்தின்மேல் இருப்பதையும் சேர்த்து நான்கு தலைகள் திரையில் தெரிகின்றன.

அக்காலப் படச்சுருளில் வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டுமே உருவம் பதியும். கறுப்புத் துணியிலிருந்து வெளிச்சம் வராது என்பதால் அதற்குரிய பகுதி பதிவாகாமல் காலியாகவே இருக்கும். மெலியெஸ் இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொண்டார். கறுப்புப் பின்னணியின்முன் நடித்து முடித்ததும் படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றினார். பிறகு, அதே சுருளில் காலியாக இருந்த பகுதியில் தம் உருவத்தை மீண்டும் பதிவு செய்தார்.

1900ஆம் ஆண்டில் அவர் இதைவிடத் துணிச்சலான ஒரு முயற்சியில் இறங்கினார். ஏழு நாற்காலிகளில் ஏழு இசைக்கலைஞர்கள் அமர்ந்து வாசிக்கும் படம் அது. ஏழு பேரும் மெலியெஸ்தான்! ஒரே படச்சுருள் திரும்பத் திரும்பப் படக்கருவிக்குள் ஓடியது. இம்முறையில் உள்ள ஆபத்தை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆறு உருவங்கள் சரியாகப் பதிந்த பிறகு, ஏழாவது முறை ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் முந்தைய உழைப்பு முழுவதும் வீணாகிவிடும். அழித்துத் திருத்த வழியில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கைப்பிடியைச் சுற்றியவர்

அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் உயிரைப் பணயம் வைத்துச் சாகசக் காட்சிகளில் நடித்தவர். 1921ஆம் ஆண்டில் ஒரு படப்பிடிப்பில் அவருடைய கணுக்கால் முறிந்தது. ஓடவும் குதிக்கவும் முடியாத நிலையில், உடலை வருத்தாத ஒரு படத்தை உருவாக்க அவர் திட்டமிட்டார். அதுவே ‘தி பிளேஹவுஸ்’ என்னும் குறும்படம்.

அப்படத்தின் தொடக்கத்தில் ஒரு நாடக அரங்கம் காட்டப்படுகிறது. இசைக்குழுவில் இருப்பவர்கள், மேடையில் ஆடுபவர்கள், பார்வையாளர்களாக அமர்ந்திருக்கும் ஆண்கள், பெண்கள், சிறுவன் என எல்லாருமே கீட்டன்தான். ஒரு காட்சியில் ஒன்பது கீட்டன்கள் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். மற்றொரு காட்சியில் இரண்டு கீட்டன்கள் அருகருகே நின்று, கால் பிசகாமல் நடனமாடுகின்றனர்.

இக்காட்சிகளைப் படம்பிடித்தவர் எல்ஜின் லெஸ்லி என்ற ஒளிப்பதிவாளர். படக்கருவியின் வில்லைக்கு முன்னால் ஓர் அடைப்பு பொருத்தப்பட்டது. அதிலிருந்த குறுகிய கதவுகளில் ஒன்றை மட்டும் திறந்தால், படச்சுருளின் ஒரு பகுதியில் மட்டும் காட்சி பதியும். ஓர் உருவம் பதிந்ததும் அக்கதவை மூடிவிட்டுச் சுருளைத் தொடக்கத்திற்குச் சுற்றி, அடுத்த கதவைத் திறக்க வேண்டும். ஒன்பது உருவங்களுக்கு ஒன்பது முறை இதே வேலை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தப் படக்கருவி மின்சாரத்தால் இயங்கவில்லை; லெஸ்லி தம் கையால் கைப்பிடியைச் சுற்றி அதை இயக்கினார். ஒரு முறை வேகமாகவும் மறுமுறை மெதுவாகவும் சுற்றினால், ஒரு கீட்டன் விரைவாகவும் மற்றொரு கீட்டன் மெதுவாகவும் அசைவார். ஆகவே, ஒவ்வொரு முறையும் அவர் கை ஒரே வேகத்தில் சுழல வேண்டியிருந்தது. கீட்டனும் ஒவ்வொரு முறையும் ஒரே தாளத்திற்கு ஏற்ப ஆட வேண்டியிருந்தது. லெஸ்லியின் கை தடுமாறியிருந்தால் கீட்டனின் நடிப்பு எவ்வளவு சிறந்திருந்தாலும் பயனில்லை.

அப்படத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. அரங்கில் அமர்ந்திருக்கும் ஒரு பார்வையாளர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டுகிறார். எல்லாப் பொறுப்புகளுக்கும் எதிரே கீட்டனின் பெயரே அச்சிடப்பட்டுள்ளது. எல்லா வேலைகளையும் தாமே செய்ததாகப் பெருமை கொள்வோரைக் கீட்டன் இவ்வாறு கேலி செய்தார். உண்மையில், திரை முழுவதும் கீட்டனாக நிறைந்திருந்தபோது, திரைக்கு வெளியே லெஸ்லி பொறுமையாகக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

தமிழ்த் திரையில் இரட்டையர்கள்

தமிழ்த் திரைப்படங்களிலும் இந்த உத்தி நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டில் ‘உத்தம புத்திரன்’ என்னும் படத்தை வெளியிட்டது. டி. ஆர். சுந்தரம் இயக்கிய அப்படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடங்களில் நடித்தார். பின்னர், 1958ஆம் ஆண்டில் அதே பெயரில் வெளிவந்த படத்தில் சிவாஜி கணேசன் இரட்டை வேடங்களை ஏற்றார்.

1969ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தெய்வமகன்’ படத்தில் சிவாஜி கணேசன் தந்தையாகவும் இரு மகன்களாகவும் மூன்று வேடங்களில் நடித்தார். தந்தைக்கும் மூத்த மகனுக்கும் முகத்தில் வடு இருக்கும்; இளைய மகனோ அழகும் செல்லமும் நிறைந்தவர். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் கமல்ஹாசன் நான்கு சகோதரர்களாகத் தோன்றினார். அவர்களுள் சமையற்காரர் காமேஸ்வரன் பாலக்காட்டுத் தமிழில் பேசுவார்; தீயணைப்பு வீரர் ராஜு சென்னைத் தமிழில் பேசுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பேசுபவர் யார் என்பதைச் சொல்லிவிடலாம்.

இப்படங்கள் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஒரே உருவத்தைப் பல இடங்களில் நிறுத்துவது தொழில்நுட்பத்தின் வேலை. அந்த உருவங்களை வெவ்வேறு மனிதர்களாக மாற்றுவது நடிப்பின் வேலை. நடை, குரல், பார்வை, அமரும் விதம் ஆகியவை மாறாவிட்டால், திரையில் தெரிவது ஒருவரின் பிரதிகளே தவிர, ஒரு குடும்பம் ஆகாது.

மேற்கூறிய உத்திகளில் படக்கருவி அசையாமல் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. கணினியின் வரவு இதைத் தளர்த்தியது. கணினி இயக்கும் படக்கருவி, தான் நகர்ந்த பாதையை நினைவில் வைத்துக்கொண்டு, அதே பாதையில் அதே வேகத்தில் மீண்டும் மீண்டும் நகரும். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தின் இரண்டாம் பாகத்தில், மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் தந்தை, மகன், மகள் என மூவராக ஒரே உணவு மேசையில் அமர்ந்திருப்பார். படக்கருவி நகர்ந்துகொண்டே அக்காட்சியைக் காட்டும்.

பள்ளியில் ஒரு முயற்சி

இன்று ஒரு திறன்பேசியும் படத்தொகுப்பு மென்பொருளும் இருந்தால் மாணவர்களே இக்காட்சியை உருவாக்கலாம். தாத்தா, அப்பா, பேரன் காட்சியை ஒரு மாணவர் குழு படமாக்குவதாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் திட்டமிட வேண்டும். படச்சட்டகத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் யார் அமர்வார் என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்வது நல்லது. ஒருவருடைய கையோ நிழலோ அடுத்தவரின் பகுதிக்குள் நுழையக்கூடாது. நுழைந்தால், அந்தக் கை பாதியில் வெட்டுப்பட்டுத் தெரியும். எனவே, மேசையின்மேல் சிறிய ஒட்டுத்தாள்களால் எல்லையைக் குறித்துவைத்து, படமெடுக்கும் முன் அவற்றை அகற்றிவிடலாம்.

அடுத்து, திறன்பேசியை முக்காலியில் உறுதியாகப் பொருத்த வேண்டும். பல திறன்பேசிகளில் திரையை அழுத்திப் பிடித்தால், வெளிச்ச அளவும் குவியமும் மாறாமல் நிலைத்திருக்கும். இதைச் செய்ய மறந்தால், வெள்ளைச் சட்டை அணிந்தவர் அமரும்போது படம் இருண்டும், கறுப்புச் சட்டை அணிந்தவர் அமரும்போது படம் வெளுத்தும் போகும். பிறகு ஒட்டும்போது சுவரின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிச்சமும் மாறக்கூடாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிற்பகலில் வெயில் அடிக்கும்போதே மேகம் திரண்டு மழை கொட்டுவது வழக்கம். ஆதலால், திரைச்சீலையை மூடிவிட்டு மின்விளக்கின் ஒளியில் படமெடுப்பது பாதுகாப்பானது. மின்விசிறி ஓடினால் திரைச்சீலையும் செய்தித்தாளும் அசையும். ஆகவே, வியர்த்தாலும் அதை நிறுத்திவிட வேண்டும். சுவரில் கடிகாரம் இருந்தால் கழற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், ஒட்டிய கோடு கடிகாரத்தின் குறுக்கே செல்லும்போது பெரிய முள் ஒரு நேரத்தையும் சிறிய முள் வேறொரு நேரத்தையும் காட்டும்!

படமெடுக்கும் வரிசையையும் யோசிக்க வேண்டும். பேரனின் காட்சியை முதலிலும் தாத்தாவின் காட்சியை இறுதியிலும் எடுப்பது சிறந்தது. ஏனெனில், நரைக்காகத் தலையில் பூசிய வெண்பொடியை எளிதில் போக்க முடியாது. கடைசியாக, யாருமே இல்லாத வெற்று அறையையும் சில நொடிகள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏதேனும் ஓர் இடத்தில் தேவையற்ற நிழல் விழுந்திருந்தால், அதை மறைக்க இந்த வெற்றுக் காட்சி உதவும்.

படத்தொகுப்பில், மூன்று காட்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மேல் அடுக்கில் தேவையான பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறைத்தால், கீழ் அடுக்கில் உள்ளவர் வெளிப்படுவார். மறைப்பின் ஓரத்தைச் சற்று மென்மையாக்கினால் ஒட்டிய கோடு கரைந்துவிடும். பிறகு, ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் பதில் சொல்லும்படி நேரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

காலி நாற்காலியில் அமர்ந்தவர்

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான ஒன்று உண்டு. தாத்தாவாக நடிக்கும் மாணவர் யாரைப் பார்த்துக் கண்டிப்பார்? நடு நாற்காலியில் பேரன் இல்லையே! காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினால் அவருடைய பார்வை எங்கோ அலையும். எவ்வளவு நேரம் காத்திருந்து பதில் சொல்வது என்பதும் தெரியாது.

அதனால்தான், நடு நாற்காலியில் இன்னொரு மாணவரை அமர வைக்கிறார்கள். அவர் பேரனுடைய வசனத்தைச் சொல்கிறார். சரியான நொடியில் தலையை நிமிர்த்துகிறார். அவருடைய கண்களைப் பார்த்தே தாத்தா கோபப்படுகிறார். தாத்தாவின் பார்வையில் உயிர் இருக்கிறது என்றால், அதற்கு எதிரே ஓர் உண்மையான முகம் இருந்ததே காரணம். அப்பாவின் காட்சியை எடுக்கும்போதும் அந்த மாணவரே மீண்டும் அமர்கிறார். ஒரு காட்சி பிழையாகி மூன்றாம் முறை, நான்காம் முறை எடுத்தாலும் அவர் சலிக்காமல் அதே வசனத்தை அதே வேகத்தில் சொல்ல வேண்டும்.

படத்தொகுப்பு முடிந்ததும் அவர் மறைந்துவிடுவார். அவர் அமர்ந்திருந்த இடத்தில் பேரனாக நடித்தவரின் உருவம் வந்துவிடும். அவருடைய ஒரு விரல்கூடத் திரையில் தெரியாது. தெரிந்தால் அது பிழை. பிறருடைய கண்ணில் படாமல் போவதே அவருடைய உழைப்பின் வெற்றி.

முக்காலியை யாரும் இடித்துவிடாமல் காவல் நின்றவர், விளக்கைப் பிடித்தவர், தேநீர்க் கோப்பை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கிறதா என்று கவனித்தவர், இரவு நெடுநேரம் கணினியின்முன் அமர்ந்து மூன்று அடுக்குகளையும் பொருத்தியவர் ஆகியோரும் திரையில் தெரிவதில்லை. காணொளி திரையிடப்படும்போது, மூன்று வேடங்களில் நடித்த மாணவருக்குக் கைத்தட்டல் கிடைக்கும். அது நியாயமானதே. ஆனால், நடித்தவரின் பெயர் மட்டும் இறுதியில் இடம்பெற்றால், கீட்டன் கேலி செய்த நிகழ்ச்சி நிரலாகவே அது ஆகிவிடும். காட்சிக்குப் பின்னால் ஓடும் பெயர்ப்பட்டியல், படம் பார்த்தவர்கள் எழுந்து செல்லும் நேரத்தை நிரப்புவதற்கானது அன்று. திரையிலிருந்து மறைக்கப்பட்டவர்களை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் இடம் அது.

ஒருவர் பலராகத் தோன்ற வேண்டுமானால், பலர் ஒன்றுபட்டு உழைக்க வேண்டும். தனிமரம் தோப்பாகாது என்ற பழமொழியை இந்தக் காணொளி பொய்யாக்கவில்லை. திரையில் தெரிந்தது தனிமரம். அந்த அறையில் இருந்ததோ தோப்பு.